நுரையீரல் எப்படி வேலை செய்கிறது? ஆயுள் முழுக்க அதை எப்படிக் காப்பது?

2020 மார்ச்சில் வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி உலகம் முழுக்கச் சுற்றியது. மூச்சை நன்றாக இழுத்துப் பத்து நொடி அடக்கிப் பாருங்கள். இருமல் வராமல், திணறாமல் இருந்தால் உங்களுக்குக் கொரோனா இல்லை என்றது அது. மருத்துவர்கள் மறுத்தார்கள். ஆனால் மறுப்புகள் எப்போதும் வதந்தியை விட மெதுவாகத்தான் நடக்கின்றன.

அந்தச் செய்தியை இத்தனை பேர் நம்பியதற்குக் காரணம், நுரையீரல் பற்றி நம் மனதில் பதிந்திருக்கும் படம். நெஞ்சுக்குள் இரண்டு பைகள். காற்று நிரம்பினால் உப்பும், வெளியேறினால் சுருங்கும். எவ்வளவு நிரப்புகிறோம், எவ்வளவு நேரம் தாங்குகிறோம் என்பதுதான் ஆரோக்கியத்தின் அளவுகோல். இந்த ஒரே படத்திலிருந்துதான் மற்ற நம்பிக்கைகளும் முளைக்கின்றன: ஆழமாக மூச்சு இழுத்தால் ரத்தத்தில் ஆக்சிஜன் ஏறும், நுரையீரலைக் கழுவிவிட ஒரு பானம் உண்டு, இத்தனை வருடம் புகைத்தாயிற்று இனி விட்டு என்ன பயன், இப்படி.

உண்மையில் நுரையீரலின் சாரம் அதன் கொள்ளளவில் இல்லை. காற்றும் ரத்தமும் மிக நெருங்கி வரும் ஒரு மெல்லிய பரப்பு அதற்குள் இருக்கிறது. அந்தப் பரப்பு எப்படிச் செயல்படுகிறது, எது அதைக் கெடுக்கிறது என்று புரிந்துகொண்டால் மற்றதெல்லாம் எளிது. முதலில், காற்று எப்படி உள்ளே வருகிறது என்பதிலிருந்து தொடங்கலாம்.

நுரையீரல் தானாக மூச்சு இழுப்பதில்லை

மருந்து ஏற்றாத ஒரு வெறும் சிரிஞ்சை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் தண்டைப் பின்னால் இழுத்தால் காற்று உள்ளே வருகிறது. யாரும் அதைத் தள்ளவில்லை. உள்ளே இடம் கூடியது, அதனால் அங்கே அழுத்தம் குறைந்தது, வெளியே அழுத்தம் அதிகம் என்பதால் காற்று உள்ளே பாய்ந்தது. மூச்சு இழுப்பதும் இதுதான்.

இங்கே சிரிஞ்சின் தண்டாக வேலை செய்வது உதரவிதானம். நெஞ்சறைக்கும் வயிற்றுக்கும் நடுவே, மேல்நோக்கி வளைந்து கிடக்கும் அகலமான தசை அது. சுருங்கும்போது தட்டையாகிக் கீழே இறங்கும். விலா எலும்புகளுக்கு இடையே உள்ள தசைகள் அதே நேரத்தில் விலாக்களை மேலேயும் வெளியேயும் தூக்கும். நெஞ்சறை பெரிதாகிறது, அதன் சுவரை ஒட்டியே இருக்கும் நுரையீரலும் கூடவே விரிகிறது, காற்று வருகிறது. மல்லாந்து படுத்து வயிற்றில் கை வைத்தால் இதைக் கையாலேயே உணரலாம். மூச்சு இழுக்கும்போது வயிறு எழும்புவது காற்று வயிற்றுக்குள் போவதால் அல்ல. கீழே இறங்கும் உதரவிதானம் கல்லீரலையும் குடலையும் தள்ளுவதால்.

நுரையீரலுக்கென்று மூச்சு இழுக்கும் தசை எதுவும் கிடையாது. அது இழுபட்டால் விரியும், விட்டால் பழைய நிலைக்குத் திரும்பும். அமைதியாக இருக்கும்போது மூச்சை வெளியே விடுவதற்கு நாம் உழைக்கவே வேண்டாம். உதரவிதானம் தளர்ந்ததும் நுரையீரல் தானே சுருங்கிக் காற்றை அனுப்பிவிடுகிறது. இதற்கெல்லாம் தேவைப்படும் அழுத்த வித்தியாசமும் மிகச் சின்னது. வெளிக்காற்றின் அழுத்தம் 760 மி.மீ. பாதரசம் என்றால், உள்ளே 1 மி.மீ. குறைந்தாலே ஒரு சாதாரண மூச்சுக்குப் போதும்.

அப்படி வரும் காற்று சுமார் அரை லிட்டர். ஓய்வில் இருக்கும் பெரியவர் நிமிடத்துக்கு 12 முதல் 20 முறை மூச்சு விடுகிறார். ஒரு நாளில் ஏறத்தாழ 10,000 லிட்டர் காற்று உள்ளே போய் வருகிறது. முழுவதும் விரிந்தால் ஆண்களின் நுரையீரல்கள் 6 லிட்டர் வரையும், பெண்களின் நுரையீரல்கள் 4 லிட்டருக்குச் சற்று அதிகமாகவும் கொள்ளும். இருக்கிற மூச்சையெல்லாம் ஊதித் தள்ளினாலும் ஒரு லிட்டருக்கு மேல் உள்ளேயே தங்கிவிடும். அது தேவையான மிச்சம். அது இருப்பதால்தான் ஒரு மூச்சுக்கும் அடுத்த மூச்சுக்கும் நடுவே ரத்தத்துக்கு ஆக்சிஜன் தடைபடுவதில்லை.

கிளை விட்டுக் கிளை

தொண்டையிலிருந்து இறங்கும் மூச்சுக்குழல் சுமார் 11 செ.மீ. நீளம். அது இரண்டாகப் பிரிந்து இரு நுரையீரல்களுக்குள்ளும் நுழைகிறது. ஒவ்வொரு கிளையும் மறுபடி இரண்டாகும், அதுவும் இரண்டாகும். இப்படிச் சுமார் 23 முறை. வலது, இடது கிளைகள் ஒரே மாதிரி இல்லை. இதயம் இடப்பக்கம் சாய்ந்திருப்பதால் இடது நுரையீரல் சற்றுச் சிறியது, இரண்டு மடல்கள்தான், வலதில் மூன்று. வலது கிளைக்குழல் அகலமாகவும் நேர்க்குத்தாகவும் இறங்குகிறது. அதனால்தான் குழந்தைகள் வாயில் போட்ட கொட்டையோ மணியோ தவறி மூச்சுக்குழலுக்குள் போனால் பெரும்பாலும் வலப்பக்கம் போய் மாட்டுகிறது.

இந்தக் குழாய்களில் நிற்கும் காற்றால் உடலுக்கு நேரடிப் பயனில்லை. அது சுமார் 150 மி.லி. இருக்கும். அரை லிட்டர் இழுத்தால் 350 மி.லி.தான் கடைசி வரை போய்ச் சேர்கிறது. இதை வைத்து ஒரு கணக்குப் போடலாம். நிமிடத்துக்கு 15 முறை அரை லிட்டராக இழுப்பவருக்கு மொத்தம் ஏழரை லிட்டர். அதில் உள்ளே சேர்வது 5.25 லிட்டர். அதே ஏழரை லிட்டரை மேலோட்டமாக, 250 மி.லி. வீதம் 30 முறை இழுத்தால் சேர்வது 3 லிட்டர்தான். பதற்றத்தில் வேக வேகமாக மூச்சு வாங்குபவருக்கு 'மெதுவாக விடுங்க' என்று பக்கத்தில் இருப்பவர் சொல்வது வெறும் ஆறுதல் இல்லை.

பரிமாற்றம் நடக்கும் இடம்

குழாய்களின் கடைசி முனைகளில் கொத்துக் கொத்தாக இருப்பவை காற்று நுண்ணறைகள். ஒவ்வொன்றும் ஒரு மி.மீ.யில் ஐந்தில் ஒரு பங்கு அகலம். இரண்டு நுரையீரலிலும் சேர்த்து இவை 30 முதல் 50 கோடி வரை இருக்கும். இவற்றின் சுவர்களை எல்லாம் பிரித்து விரித்தால் சுமார் 70 சதுர மீட்டர், அதாவது 750 சதுர அடி வரும். நம் உடல் முழுவதையும் போர்த்தியிருக்கும் தோலே 2 சதுர மீட்டரைத் தாண்டாது. வெளியுலகத்தை நம் உடல் அதிகமாகத் தொடும் இடம் தோல் அல்ல, நுரையீரல்.

நுண்ணறையின் வெளிப்பக்கம் முழுக்கத் தந்துகிகள் படர்ந்திருக்கின்றன. தந்துகி என்பது ரத்த அணுக்கள் ஒவ்வொன்றாக வரிசையில் போகிற அளவுக்கு ஒடுங்கிய ரத்தக்குழாய். காற்றுக்கும் ரத்தத்துக்கும் நடுவில் இருக்கும் சுவரின் தடிமன் சுமார் அரை மைக்ரோமீட்டர். ஒரு மைக்ரோமீட்டர் என்பது மி.மீ.யில் ஆயிரத்தில் ஒரு பங்கு. தலைமுடியின் தடிமனில் நூறில் ஒரு பங்குகூட இல்லாத சுவர் இது.

இந்தச் சுவரைத் தாண்ட ஆக்சிஜனுக்குப் பம்ப் எதுவும் தேவையில்லை. ஒரு வாயு அதிகமாக இருக்கும் இடத்திலிருந்து குறைவாக இருக்கும் இடத்துக்குத் தானே நகரும். அதற்கு விரவல் என்று பெயர். நுண்ணறையில் ஆக்சிஜன் அதிகம், வந்து சேரும் ரத்தத்தில் குறைவு. அதனால் ஆக்சிஜன் ரத்தத்துக்குள் போகிறது. கரியமில வாயு ரத்தத்தில் அதிகம், நுண்ணறையில் குறைவு; அது எதிர்ப்பக்கம் வருகிறது. உள்ளே வந்த ஆக்சிஜனைச் சிவப்பணுக்களில் உள்ள ஹீமோகுளோபின் என்ற புரதம் பிடித்துக்கொள்கிறது. ஒரு சிவப்பணு நுண்ணறையைக் கடந்து போகும் நேரம் முக்கால் நொடி. அதில் முதல் கால் நொடியிலேயே வேலை முடிந்துவிடும். மீதி அரை நொடி, ஓடும்போதும் மாடி ஏறும்போதும் ரத்தம் வேகமாகப் பாய்ந்தாலும் சமாளிப்பதற்கான இடைவெளி.

நாம் இழுக்கும் காற்றில் 21 சதவீதம் ஆக்சிஜன். வெளியே விடும் காற்றிலும் 16 சதவீதம் இருக்கிறது. மூச்சு நின்றவருக்கு வாயோடு வாய் வைத்து ஊதுவது உயிரைக் காப்பாற்றுவது இந்த மிச்சத்தால்தான்.

இதுவரை பார்த்ததைச் சேர்த்துச் சொன்னால்: உதரவிதானம் இறங்குகிறது, காற்று வருகிறது, கோடிக்கணக்கான நுண்ணறைகளில் ஒரு மெல்லிய சுவர் வழியாக இரண்டு வாயுக்கள் இடம் மாறுகின்றன. நுரையீரல் நோய்கள் பலவற்றை இந்தச் சுவரையும் குழாயையும் வைத்தே புரிந்துகொள்ளலாம். நிமோனியாவில் நுண்ணறைக்குள் நீரும் சீழும் நிறைகின்றன. நுரையீரல் தழும்பு நோயில் சுவர் தடிக்கிறது. எம்பைசீமாவில் சுவர்களே சிதைந்து, பல சின்ன அறைகள் சில பெரிய அறைகளாகிப் பரப்பு குறைகிறது. ஆஸ்துமாவில் சுவர் நன்றாகவே இருக்கும். அங்கே போகும் குழாய்கள் வீங்கி ஒடுங்குகின்றன.

நுண்ணறைகள் ஏன் ஒட்டிக்கொள்வதில்லை?

நுண்ணறைகளின் உட்புறம் ஈரமானது. நீர் தன் பரப்பைச் சுருக்கிக்கொள்ளவே பார்க்கும். இதைப் பரப்பு இழுவிசை என்பார்கள். அவ்வளவு சின்ன அறைக்குள் அந்த இழுவிசையே அதை மூடிவிடப் போதும். அதைத் தடுக்க நுண்ணறைச் சுவரில் உள்ள சில செல்கள், கொழுப்பும் புரதமும் கலந்த சர்ஃபாக்டன்ட் என்ற பொருளைச் சுரந்துகொண்டே இருக்கின்றன. அது நீரின் இழுவிசையைக் குறைக்கிறது.

கருவில் இது போதுமான அளவு சுரப்பது கடைசி வாரங்களில்தான். சீக்கிரம் பிறந்துவிடும் குழந்தைகள் ஒவ்வொரு மூச்சுக்கும், மூடிக்கொண்ட அறைகளைத் திறக்கப் போராட வேண்டியிருக்கும். 1959லேயே மேரி எல்லன் ஏவரியும் ஜெரி மீடும் சர்ஃபாக்டன்ட் இல்லாததே இந்தத் திணறலுக்குக் காரணம் என்று காட்டியிருந்தார்கள். ஆனால் சிகிச்சை இல்லை. 1963 ஆகஸ்டில் அமெரிக்க அதிபர் ஜான் கென்னடியின் மகன் பேட்ரிக் ஐந்தரை வாரம் முன்னதாகப் பிறந்து, இதே திணறலால் 39 மணி நேரத்தில் இறந்தான். அன்றைய உலகின் மிகச் சிறந்த மருத்துவ வசதி கைக்கெட்டும் தூரத்தில் இருந்தும் காப்பாற்ற முடியவில்லை. 1972ல் நியூசிலாந்தில் லிகின்ஸ், ஹோவி என்ற இருவர், பிரசவத்துக்கு முன்பே தாய்க்கு ஸ்டீராய்டு ஊசி போட்டால் குழந்தையின் நுரையீரல் சீக்கிரம் முதிர்கிறது என்று நிறுவினார்கள். 1980ல் ஜப்பானின் ஃபுஜிவாரா, மாட்டு நுரையீரலிலிருந்து எடுத்த சர்ஃபாக்டன்ட்டைக் குறைமாதக் குழந்தைகளின் மூச்சுக்குழலுக்குள் செலுத்திக் காப்பாற்றிக் காட்டினார். இன்று பேட்ரிக்கின் நிலையில் பிறக்கும் குழந்தை பெரும்பாலும் பிழைத்து வீடு திரும்புகிறது. மருத்துவ வரலாற்றில் எனக்கு மிகவும் பிடித்த பக்கங்களில் இது ஒன்று.

மூச்சு முட்டும் உணர்வு எங்கிருந்து வருகிறது?

மிக அதிகமாகத் தவறாகப் புரிந்துகொள்ளப்படுவது இந்த இடம்தான், அதனால் சற்று நின்று பார்க்கலாம்.

மூச்சை அடக்கினால் சற்று நேரத்தில் 'இனி முடியாது' என்று ஒரு தவிப்பு வருகிறது. ஆக்சிஜன் தீர்ந்துவிட்டது என்று நினைக்கிறோம். ஆனால் ஆரோக்கியமான ஒருவர், ரத்தத்தின் ஆக்சிஜன் அளவைக் காட்டும் பல்ஸ் ஆக்சிமீட்டரை விரலில் மாட்டிக்கொண்டு அரை நிமிடம் மூச்சை அடக்கினால், திரையில் உள்ள எண் பெரும்பாலும் அசையவே அசையாது. தவிப்பு மட்டும் வந்துவிடும். காரணம், மூச்சின் வேகத்தைத் தீர்மானிக்கும் மூளைத்தண்டு முக்கியமாகக் கவனிப்பது கரியமில வாயுவை. அது ரத்தத்தில் சேர்ந்தால் ரத்தம் கொஞ்சம் அமிலத்தன்மை அடைகிறது. அந்த மாற்றம் மிகச் சிறிதாக இருந்தாலும் மூளைத்தண்டு உணர்ந்து, மூச்சு விடச் சொல்லி நெருக்கும். ஆக்சிஜனைக் கவனிக்கும் உணரிகளும் கழுத்துத் தமனிகளில் உண்டு. ஆனால் ஆக்சிஜன் நன்றாகவே குறைந்த பிறகுதான் அவை பலமாகக் குரல் கொடுக்கும்.

இது தெரிந்தால் பல முடிச்சுகள் அவிழ்கின்றன. பத்து நொடிச் சோதனை, ஒருவர் கரியமில வாயுவை எவ்வளவு தாங்குகிறார் என்பதைத்தான் தொட்டுப் பார்க்கிறது. தொண்டையில் வைரஸ் பெருகிக்கொண்டிருக்கும் ஒருவர் ஒரு நிமிடம்கூட அடக்கிக் காட்டலாம். தினமும் நீந்துபவர் அதற்கு மேலும் அடக்கலாம். வைரஸ் இருக்கிறதா என்பதற்கு அதில் பதில் இல்லை.

கொரோனா காலத்தில் மருத்துவர்களையே திகைக்க வைத்த ஒரு நிலை இருந்தது. ரத்தத்தில் ஆக்சிஜன் மிகக் குறைந்திருக்கும். நோயாளியோ சாதாரணமாகப் பேசிக்கொண்டிருப்பார். கரியமில வாயு ஆக்சிஜனை விடச் சுமார் 20 மடங்கு எளிதாகத் திசுக்களை ஊடுருவும். அதனால் சுவர் பாதிக்கப்பட்டு ஆக்சிஜன் உள்ளே வரத் தடுமாறும்போதும் கரியமில வாயு தப்பித்து வெளியேறிவிடும். அது சேராத வரை தவிப்பு பெரிதாக எழாது. இந்த நிலைக்குத்தான் ஆக்சிமீட்டர் உண்மையில் உதவியது.

அடுத்து, ஆழமூச்சு. வேகமாக, ஆழமாகப் பலமுறை மூச்சு இழுத்தால் 'ஆக்சிஜன் ஏறும்' என்கிறார்கள். ஆரோக்கியமானவரின் ஹீமோகுளோபின் சாதாரண மூச்சிலேயே 95 சதவீதத்துக்கு மேல் நிரம்பித்தான் இருக்கிறது. நிரம்பியதை மேலும் நிரப்ப முடியாது. வேக மூச்சு செய்வதெல்லாம் கரியமில வாயுவை அளவுக்கு மீறி வெளியேற்றுவதுதான். அது குறைந்தால் மூளைக்குப் போகும் ரத்தக்குழாய்கள் சுருங்கும்; தலை சுற்றும், உதடும் விரல் நுனியும் மரத்துச் சுருசுருக்கும். இதை 'ஆற்றல் பாய்கிறது' என்று சொல்லித் தருபவர்கள் உண்டு.

இதில் ஓர் ஆபத்தும் இருக்கிறது. நீருக்குள் அதிக நேரம் இருக்க வேண்டும் என்று சிலர் முங்குவதற்கு முன் வேக வேகமாக மூச்சு இழுத்து விடுவார்கள். அப்போது கரியமில வாயு வெகுவாகக் குறைந்துவிடுவதால், ஆக்சிஜன் தீரும் வரை எச்சரிக்கைத் தவிப்பே வராமல் போகலாம். நினைவு தப்புவது திடீரென்று, தண்ணீருக்குள். நல்ல நீச்சல்காரர்கள் ஆழமில்லாத குளத்தில் இறந்துபோவது இப்படியும் நடக்கிறது. பிள்ளைகளுக்கு நீச்சல் கற்றுக்கொடுக்கும்போதே இதைச் சொல்லிவிட வேண்டும்.

மெதுவான, சீரான மூச்சுப் பயிற்சி வேறு விஷயம். அது இதயத் துடிப்பைத் தணிக்கிறது, மனப் பதற்றத்தைக் குறைக்கிறது. அதற்காகத் தாராளமாகச் செய்யலாம்.

தூசியை யார் அகற்றுகிறார்கள்?

நாளுக்கு 10,000 லிட்டர் காற்றோடு தூசி, மகரந்தம், கிருமி எல்லாம் உள்ளே வருகின்றன. பெரிய துகள்கள் மூக்கிலேயே நின்றுவிடும். தப்பி வருபவை குழாய்ச் சுவரில் பூசியிருக்கும் சளியில் ஒட்டிக்கொள்ளும். அந்தச் சுவர் முழுக்கக் குற்றிழைகள் என்னும் கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய இழைகள் நிற்கின்றன. அவை நொடிக்குப் பத்து முறைக்கு மேல் ஒரே திசையில் அசைந்து, சளியைத் தொண்டை நோக்கி மேலே நகர்த்திக்கொண்டே இருக்கின்றன. தொண்டைக்கு வந்ததை நாம் தெரியாமலே விழுங்கிவிடுகிறோம். நுண்ணறை வரை போய்விட்ட துகள்களை அங்கே ரோந்து போகும் விழுங்கு செல்கள் எடுத்துக்கொள்கின்றன.

சிகரெட் புகை முதலில் அடிப்பது இந்தக் குற்றிழைகளை. அவை செயலிழந்து, நாளடைவில் உதிர்ந்தும் போகின்றன. சளி மேலே வர வழியில்லாமல் தேங்குகிறது. இருமித்தான் வெளியேற்ற வேண்டும். நீண்ட நாள் புகைப்பவர் காலையில் எழுந்ததும் இருமும் இருமல் அதுதான். புகையை விட்ட முதல் சில வாரங்களில் சிலருக்கு இருமல் கூடும். 'விட்டதும்தான் அதிகமாயிற்று' என்று மறுபடி பற்றவைத்துவிடுகிறார்கள், பாவம். உண்மையில் குற்றிழைகள் மறுபடி வேலை செய்யத் தொடங்கியதன் அடையாளம் அது. கொஞ்சம் பொறுத்தால் அடங்கும்.

நுரையீரலைச் சுத்தம் செய்யும் என்று விற்கப்படும் பானங்களும் பொடிகளும் வயிற்றுக்குள்தான் போகின்றன. குடித்தது எதுவும் மூச்சுக்குழாய்க்குள் போய்த் துடைப்பதில்லை. அப்படிப் போனால் புரையேறும். ஆவி பிடிப்பது மூக்கையும் தொண்டையையும் ஈரமாக்கி இதமளிக்கும், அவ்வளவுதான். கொதிநீர்ப் பாத்திரம் கவிழ்ந்து குழந்தைகள் சுட்டுக்கொள்வது மருத்துவமனைகளுக்குப் பழகிப்போன விபத்து.

இந்தக் காவலையெல்லாம் தாண்டும் ஒன்று உண்டு. 2.5 மைக்ரோமீட்டருக்கும் சிறிய துகள்கள், செய்திகளில் பி.எம். 2.5 என்று வருவது இவைதான். எரியும் எதிலிருந்தும் வரும்: வண்டி, ஆலை, விறகடுப்பு, குப்பை. இவை நுண்ணறை வரை செல்கின்றன, மிகச் சிறியவை ரத்தத்துக்குள்ளும் நுழைகின்றன. உலக சுகாதார நிறுவனம் 2021ல் இதற்கான ஆண்டுச் சராசரி வரம்பை ஒரு கனமீட்டருக்கு 10 மைக்ரோகிராமிலிருந்து 5 ஆகப் பாதியாகக் குறைத்தது. துணி முகக்கவசம் இவற்றைப் பெரிதாகத் தடுக்காது. முகத்தில் இடைவெளியின்றிப் பொருந்தும் என்-95 தடுக்கும்.

வயதும் ஒரு கணக்கும்

பிறக்கும்போது நமக்கு முழு எண்ணிக்கையில் நுண்ணறைகள் கிடையாது. பெரும்பகுதி பிறந்த பின், முக்கியமாக முதல் சில ஆண்டுகளில் உருவாகின்றன. நுரையீரலின் திறன் 20 முதல் 25 வயதுக்குள் உச்சத்தைத் தொட்டு, பின்னர் மெல்ல இறங்குகிறது. இதை அளக்க மருத்துவர்கள் எடுத்துக்கொள்வது, முழு மூச்சு இழுத்து ஒரே மூச்சில் ஊதும்போது முதல் நொடியில் எவ்வளவு காற்று வெளியே வருகிறது என்பதை. புகைக்காதவர்களுக்கும் இது ஆண்டுக்கு 25 முதல் 30 மி.லி. வரை குறைகிறது.

25 வயதில் 4 லிட்டர் ஊதும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 30 மி.லி. வீதம் 50 ஆண்டுகளில் ஒன்றரை லிட்டர் குறையும். 75 வயதில் அவரிடம் இரண்டரை லிட்டர் இருக்கும். நடக்கவும் படியேறவும் அது தாராளம். அதே நபர் புகைத்து, புகையால் எளிதில் பாதிக்கப்படும் உடல்வாகும் அவருக்கு இருந்து, ஆண்டுக்கு 60 மி.லி. இழந்தால் 75ல் மிஞ்சுவது ஒரு லிட்டர். சட்டை போடுவதற்கே மூச்சு வாங்கும் அளவு அது. இன்னொருவர் புகைக்கவே இல்லை. ஆனால் சிறு வயதில் புகையிலும் அடிக்கடி வந்த நெஞ்சுத் தொற்றிலும் வளர்ந்ததால் உச்சமே 3.2 லிட்டர்தான். இயல்பான இறக்கத்திலேயே அவர் 75ல் 1.7 லிட்டருக்கு வந்துவிடுவார். குழந்தை இருக்கும் அறையில் புகைக்காதீர்கள் என்று சொல்வது அந்தக் குழந்தையின் 70வது வயதுக்காகவும்தான்.

இந்த இறக்கத்தை ஃப்ளெட்சர், பீட்டோ என்ற இரு ஆய்வாளர்கள், லண்டன் ஆண்களை ஆண்டுக்கணக்கில் பின்தொடர்ந்து, 1977ல் வரைந்து காட்டினார்கள். அதில் மிக முக்கியமான கோடு, நடுவில் புகையை விட்டவர்களுடையது. இழந்தது திரும்பவில்லை. ஆனால் விட்ட நாளிலிருந்து அவர்களின் இறக்கம் புகைக்காதவர்களின் வேகத்துக்கு ஏறத்தாழத் தணிந்துவிட்டது. ரிச்சர்ட் டாலும் அவர் குழுவினரும் பிரிட்டிஷ் மருத்துவர்களை 50 ஆண்டுகள் பின்தொடர்ந்து 2004ல் வெளியிட்ட ஆய்வு இதை ஆயுள் கணக்கில் சொல்கிறது: தொடர்ந்து புகைத்தவர்கள் சராசரியாக 10 ஆண்டுகள் முன்னதாக இறந்தார்கள். 30 வயதில் விட்டவர்கள் அந்தப் பத்தையும், 40ல் விட்டவர்கள் 9ஐயும், 50ல் விட்டவர்கள் 6ஐயும், 60ல் விட்டவர்கள்கூட 3 ஆண்டுகளையும் மீட்டார்கள். 'இனி விட்டு என்ன' என்ற கேள்விக்கு இதைவிடத் தெளிவான பதில் எனக்குத் தெரியாது.

சரி, இவ்வளவு இழப்பும் நடக்கும்போது ஏன் தெரிவதில்லை? இருப்பு அதிகம் என்பதால். போப் பிரான்சிஸுக்கு 1957ல், இளம் வயதில், வலது நுரையீரலின் ஒரு பகுதியை வெட்டி எடுத்தார்கள். அவர் 88 வயது வரை வாழ்ந்தார். இந்தத் தாராளமான இருப்பே சேதத்தை மறைத்தும் விடுகிறது. மூச்சு வாங்கத் தொடங்கும்போது கணிசமான பகுதி ஏற்கெனவே போயிருக்கும். பலர் அதையும் 'வயசாச்சு' என்று விட்டுவிடுகிறார்கள். மாடி ஏறுவதை நிறுத்திவிட்டால் மூச்சு வாங்குவதும் தெரியாது.

உதவுவது எது?

உடற்பயிற்சி நுண்ணறைகளைப் பெருக்காது. ஆரோக்கியமானவர் உச்ச வேகத்தில் ஓடும்போது நுரையீரல் நிமிடத்துக்கு 100 லிட்டருக்கு மேல் காற்றைக் கையாளும்; அதற்கு முன்பே இதயம்தான் தன் எல்லையைத் தொடும். பயிற்சி இதயத்தையும் தசைகளையும் பழக்குகிறது. பழகிய தசை அதே வேலைக்குக் குறைந்த மூச்சைக் கேட்கும். நுரையீரல் ஏற்கெனவே பாதிக்கப்பட்டவர்களுக்கும் முறையான நடைப்பயிற்சி இதனாலேயே பெரிய நிம்மதி தருகிறது, ஊதும் அளவு மாறாவிட்டாலும். வயிற்றுப் பருமன் குறைந்தால் உதரவிதானம் இறங்க இடம் கிடைக்கும். ஃப்ளூ, நிமோனியா தடுப்பூசிகள் முதியவர்களுக்கு முக்கியம். கல் உடைத்தல், மணல் வீச்சு, ஆஸ்பெஸ்டாஸ் தொடர்பான வேலைகளில் இருப்பவர்களுக்குப் பாதுகாப்புக் கவசம் அலங்காரமில்லை. அந்தத் தூசி ஏற்படுத்தும் தழும்பு ஆறுவதே இல்லை.

இன்ஹேலர் பற்றியும் சொல்லியாக வேண்டும். 'அது பழகிவிடும், கடைசியில் பார்த்துக்கொள்ளலாம்' என்று ஆஸ்துமா உள்ள பிள்ளைகளுக்கு மாத்திரையும் சிரப்பும் மட்டுமே கொடுப்பவர்கள் இன்னும் நிறைய. கணக்கைப் பாருங்கள்: ஒடுங்கிய குழாய்களை விரிக்கும் சால்பியூட்டமால் மாத்திரையில் 2 முதல் 4 மில்லிகிராம் மருந்து இருக்கும், அது ரத்தத்தில் கலந்து உடல் முழுக்கச் சுற்றும். இன்ஹேலரின் ஒரு அழுத்தலில் 100 மைக்ரோகிராம், அதாவது இருபதில் ஒரு பங்கோ அதற்கும் குறைவோ; அதுவும் தேவைப்படும் குழாய்க்கே நேராகப் போகிறது. உண்மையான தவறு வேறு இடத்தில் நடக்கிறது: குழாய் வீக்கத்தை அடக்கும் தினசரி இன்ஹேலரை விட்டுவிட்டு, உடனடி நிவாரணம் தருவதை மட்டும் திரும்பத் திரும்ப அழுத்துவது. அது தீயை விட்டுவிட்டு அலாரத்தை நிறுத்தும் வேலை.

எப்போது சோதிப்பது?

ஸ்பைரோமெட்ரி என்ற சோதனை பழையது, எளியது. 1846ல் ஜான் ஹட்சின்சன் என்ற ஆங்கில மருத்துவர் 2000க்கும் மேற்பட்டவர்களைத் தன் கருவியில் ஊத வைத்து, மூச்சின் அளவு உயரத்தைப் பொறுத்து மாறுகிறது என்று காட்டினார். இன்றும் அதே அடிப்படைதான். மூக்கை ஒரு கிளிப்பால் மூடுவார்கள், குழாயை வாயில் இறுக்கிப் பிடிக்க வேண்டும், முழு மூச்சு இழுத்து ஒரே வீச்சில், இனி வராது என்று தோன்றிய பிறகும் ஊத வேண்டும். பக்கத்தில் நிற்பவர் 'இன்னும், இன்னும்' என்று விரட்டுவார். குறைந்தது மூன்று முறை. வலி இல்லை, ஊசி இல்லை. வந்த அளவை உங்கள் வயது, உயரம், பாலினத்துக்கு எதிர்பார்க்கும் அளவோடு ஒப்பிடுவார்கள்.

நாற்பதைத் தாண்டியவர், புகைப்பவரோ முன்பு புகைத்தவரோ, பல ஆண்டுகள் விறகுப் புகையிலோ தூசியிலோ வேலை செய்தவரோ, கூடவே இருமலோ மூச்சு வாங்கலோ இருந்தால் இதைக் கேட்டு எடுத்துக்கொள்வது நல்லது. ஆக்சிமீட்டரில் 98 காட்டுகிறதே என்று இருந்துவிட வேண்டாம். பாதித் திறன் போன நுரையீரலும் ஓய்வில் உட்கார்ந்திருக்கும்போது இயல்பான எண்ணைக் காட்ட முடியும்.

மூன்று வாரத்துக்கு மேலாகியும் விடாத இருமல், காரணமில்லாத எடைக்குறைவு, சென்ற ஆண்டு ஏறிய படிகளை இந்த ஆண்டு ஏற முடியாமை, இவை இருந்தால் மருத்துவரைப் பாருங்கள். சளியில் ரத்தம் வந்தால் அன்றே போங்கள். திடீர் மூச்சுத் திணறல் நெஞ்சு வலியோடு வந்தாலோ, உதடு நீலம் பூத்தாலோ, ஒரு வாக்கியத்தை முழுசாகப் பேச முடியாமல் போனாலோ அவசர சிகிச்சைப் பிரிவுக்கு உடனே போக வேண்டும். காலை வரை பார்க்கலாம் என்று காத்திருக்கக் கூடாது.